ஒற்றைக்கால் தவம்

நம் கல்லூரி விளையாட்டுத் திடலின் கிழக்கு ஓரத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. சென்ற ஆண்டு அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை, மாலை நாலரை மணிக்கு அந்த மரத்தடியில் ஒருவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஒரு தவசி ஒற்றைக் காலில் நிற்கிறார். அதே சிற்பத்தில் ஒரு பூனையும் தவக்கோலத்தில் நிற்கிறது. விடுதி நண்பர்கள் சிலர் அவனைத் தவசி என்றனர். பெரும்பாலோர் பூனை என்றனர். அந்தப் பூனை நான்தான். ஏன் நின்றேன் என்று அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லுகிறேன்.

நான் விலங்கியல் மூன்றாமாண்டு மாணவன். கல்லூரிக் கபடிக் குழுவில் ஆடுபவன். ஜூலை மாதம் பயிற்சியின்போது இடது கணுக்கால் உட்புறமாக மடங்கிப் பிசகியது. வீங்கியது, கட்டுப்போட்டு ஓய்வெடுத்தேன். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. வலி போனால் குணமாயிற்று என்று எண்ணினேன். இழந்த நாட்களை ஈடுகட்ட, விடுதியில் தினமும் பளு தூக்கினேன்; காலையில் மூன்று கிலோமீட்டர் ஓடினேன். செப்டம்பர் கடைசியில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பாடிப் போய்விட்டுத் திரும்பும்போது அதே கால் அதே பக்கம் மடங்கியது. என்னை யாரும் தொடவில்லை, பிடிக்கவுமில்லை. வெறுமனே ஓரடி பின்வைத்தேன், அவ்வளவுதான். போட்டி அன்று கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் நான்கு புள்ளிகளில் தோற்றோம்.

மறுநாள் உடற்கல்வி இயக்குநரிடம் போய் நின்றேன். "பளு தூக்குறேன் சார், தினம் ஓடுறேன் சார். அப்புறமும் கால் ஏன் சார் பிசகுது?" என்றேன்.

அவர் என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்ல பலம் இருக்குப்பா. எப்ப இறுக்கணும்னுதான் அதுக்குத் தெரியல. பலம் வேற, நேரம் வேற."

அந்தச் சொற்களின் பொருளைத் தேடி நூலகத்திலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் சில மாதம் அலைந்தேன். கண்டறிந்ததைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தசைக்குக் கட்டளையிடுவது யார்?

தசை தானாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையைத் தசைக்கு அனுப்புகிறது. அந்த இழை கிளைகளாகப் பிரிந்து பல தசை நார்களைத் தொடுகிறது. ஒரு நரம்பணுவும் அது ஆளும் நார்களும் சேர்ந்ததே 'இயக்க அலகு'. இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டனும் அவருடன் பணியாற்றிய லிடெலும் 1925இல் வழங்கிய கருத்து இது. கண்விழியை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவின் ஆட்சிக்கு உட்பட்ட நார்கள் பத்து, பதினைந்துதான். கெண்டைக்கால் தசையிலோ ஆயிரத்துக்கும் மேல். நுட்பம் வேண்டிய இடத்தில் சிறு குழு; வலிமை வேண்டிய இடத்தில் பெரும்படை.

விசையைக் கூட்ட நரம்பு மண்டலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலும் பல அலகுகளை வேலைக்கு அழைப்பது. மற்றொன்று, அழைத்த அலகுகளுக்கு அனுப்பும் துடிப்புகளை விரைவுபடுத்துவது. அழைப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிறிய அலகுகள் முதலில் வரும். பெரியவை பின்னால் வரும். இந்த ஒழுங்கை 1957இல் எல்வுட் ஹென்னமன் எடுத்துக்காட்டினார். எழுதுகோலை எடுப்பதற்குச் சிறிய அலகுகளே போதும். நெல் மூட்டையைத் தூக்கும்போதுதான் பெரியவை எழுந்து வருகின்றன.

கட்டளை போவது ஒரு திசை. செய்தி திரும்பி வருவது மறு திசை. தசைக்குள் இருக்கும் 'தசைக் கதிர்' என்னும் நுண்ணுறுப்பு, தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று சொல்லும். தசைநாணில் உள்ள உறுப்பு, எவ்வளவு இழுவிசை ஏறுகிறது என்று சொல்லும். மூட்டிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளும் தம் பங்குக்குச் செய்தி அனுப்பும். இவை கூடித் தரும் அறிவையே 'தன்னிலை உணர்வு' என்கிறோம். ஷெரிங்டன் 1906இல் இதற்குப் பெயர் சூட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் எங்கே இருக்கிறது என்று பாராமலே உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? அதுதான் இது.

சரியான தசை, சரியான நேரத்தில், சரியான அளவு சுருங்கவும் தளரவும் செய்வதே நரம்புத்தசைக் கட்டுப்பாடு. உடற்பயிற்சி தசையைப் பெருக்குகிறது என்பதை எல்லோரும் அறிவோம். அது நரம்புகளுக்குப் பாடமும் நடத்துகிறது என்பதைப் பலர் அறியோம். எந்தப் பயிற்சி எந்தப் பாடத்தை நடத்துகிறது என்பதே இங்குக் கேள்வி.

பளுப் பயிற்சி கற்பிப்பது

விடுதியில் என் அறை நண்பன் ஒருவன் பளு தூக்கத் தொடங்கிய மூன்றே வாரத்தில் 20 கிலோவிலிருந்து 30 கிலோவுக்கு ஏறினான். மகிழ்ச்சியோடு நாடா எடுத்துக் கையை அளந்தான். சுற்றளவு ஒரு நூலிழைகூடக் கூடவில்லை! "நாடா பொய் சொல்லுதுடா" என்றான். நாடா பொய் சொல்லவில்லை. மொரிட்டானியும் டி விரீஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலிமைக்குப் பெரும்பாலும் நரம்பு மண்டலமே காரணம். தசை பருப்பது அதன் பின்னரே முதன்மை பெறுகிறது. என் நண்பனின் தசை வளருமுன் அவன் நரம்புகள், இருக்கும் அலகுகளை முழுமையாக அழைக்கவும் விரைவாகத் தூண்டவும் கற்றுக்கொண்டன. கையை மடக்கும்போது எதிர்த்தசை வீணாக இறுகாமல் விட்டுக்கொடுக்கவும் பழகிவிட்டது.

இதைவிட வியப்பான சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1894இல் ஸ்கிரிப்சர் என்பவரும் துணைவரும் ஒருவரை ஒரு கையால் மட்டும் ரப்பர்க் குமிழை நாள்தோறும் அழுத்தச் செய்தனர். முடிவில் அளந்தபோது, பயிற்சியே பெறாத மறுகையும் வலுப்பெற்றிருந்தது. பிற்காலத்தில் பல ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன; பயிற்சி பெறாத பக்கத்துக்குக் கிட்டும் ஆதாயம் ஏறத்தாழப் பத்து சதவீதம் என்ற அளவில் இருக்கிறது. உழைக்காத கைத்தசைக்கு வலிமை எங்கிருந்து வந்தது? இரு கைகளுக்கும் பொதுவான எஜமானிடமிருந்து, அதாவது மூளையிடமிருந்தும் தண்டுவடத்திடமிருந்தும்தான். ஒரு கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கும்போது மறுகைக்குப் பயிற்சி தருவது எதற்காக என்பது இப்போது விளங்கும்.

வேகமும் துள்ளலும் கற்பிப்பது

பளுவை மெதுவாகத் தூக்குவதற்கு அவகாசம் இருக்கிறது. கபடியில் எதிராளி கணுக்காலைப் பற்றவரும்போது அவகாசம் இல்லை. தசை தன் முழு விசையை எட்ட ஏறத்தாழ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆட்டக்களத்தில் பல காரியங்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. ஆகையால் எவ்வளவு விசை என்பதோடு எவ்வளவு விரைவில் விசை என்பதும் முக்கியமாகிறது.

பெல்ஜியத்தில் வான் குட்செம் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பாதத்தை மேல்நோக்கி மடக்கும் தசைக்கு 12 வாரம் மிதமான பளுவோடு மிக வேகமான சுருக்கங்களைப் பயிற்சியாகக் கொடுத்தனர். அதற்குப் பின் இயக்க அலகுகள் தொடக்கத்திலேயே துடிப்புகளை மிக நெருக்கமாக அனுப்பின. ஆயிரத்தில் 5 பங்கு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் இரட்டைத் துடிப்பு அனுப்பிய அலகுகள் பயிற்சிக்கு முன் நூற்றுக்கு 5. பயிற்சிக்குப் பின் நூற்றுக்கு 33 ஆயின. வண்டியை முதல் தள்ளலிலேயே நகர்த்தும் வித்தையை நரம்புகள் கற்றன எனலாம்.

துள்ளல் பயிற்சியும் இந்த இனமே. சோவியத் நாட்டில் வெர்கோஷான்ஸ்கி 1960களில் இதை முறைப்படுத்தினார். உயரத்திலிருந்து குதித்து, தரையைத் தொட்டவுடன் மீண்டும் எழும்பும் பயிற்சி இது. தரையில் இறங்கும்போது தசை நீண்டு, உடனே சுருங்குகிறது. தசைநாண் வில்போல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: பாதம் தரையைத் தொடுவதற்கு முன்னரே தசை இறுகத் தொடங்கிவிடுகிறது. மூளை தரையை எதிர்பார்த்துக் கட்டளை அனுப்புகிறது. இந்த எதிர்பார்ப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணுக்காலுக்கு வரும்போது இது தேவைப்படும்.

நீண்ட ஓட்டம் கற்பிப்பது

நீண்ட ஓட்டமும் மிதிவண்டியும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லவை என்பது தெரிந்ததே. நரம்புக்கு அவை கற்பிக்கும் பாடம் வேறு வகை. விலா-சா என்பவரும் துணைவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவினர் ஆறு வாரம் பளுப் பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் ஆறு வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். தொடைத் தசையை மிதமாக இறுக்கும்போது பளுக் குழுவில் இயக்க அலகுகளின் துடிப்பு வேகம் கூடியிருந்தது; மிதிவண்டிக் குழுவில் குறைந்திருந்தது. ஒரே தசை, இரு பயிற்சிகள், எதிரெதிரான மாற்றங்கள். ஓட்டக்காரரின் நரம்புகள் களைப்பைத் தள்ளிப்போடக் கற்கின்றன. அதனால் கடைசிச் சுற்றிலும் கால் ஒழுங்காக விழுகிறது. களைப்பு வந்தால் கட்டுப்பாடு தளரும் என்பதால் இதுவும் சிறிய வரம் அன்று. ஆனால் திடீரென்று மடங்கும் கணுக்காலை நிறுத்தும் வித்தையை நேரான பாதையில் ஓடும் ஓட்டம் தனியே கற்பிப்பதில்லை.

நிற்பதும் ஒரு பயிற்சியே

இப்போது என் காலுக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கணுக்காலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கிருந்து, பாதத்தை வெளிப்புறம் இழுத்துக் காக்கும் முன்னங்கால் பக்கத் தசைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. நரம்பில் செய்தி விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் போகவரப் பயணத்துக்கு மட்டுமே ஆயிரத்தில் 35 பங்கு விநாடிக்கு மேல் ஆகும். கணுக்காலைத் திடீரென்று சாய்த்து அளந்த ஆய்வுகளில் அந்தத் தசை விழித்துக்கொள்ள ஆயிரத்தில் 50 முதல் 80 பங்கு விநாடி ஆகிறது. அதன் பின்னரே விசை ஏறத் தொடங்கும். மூளை யோசித்துச் செயல்பட இதற்கு மேலும் நேரம் வேண்டும். அதற்குள் கால் மடங்கிவிடும்! காவல்காரன் எழுந்து வருமுன் திருடன் மதில் தாண்டிப் போவதைப் போன்றது இது.

ஆகவே, கால் தரையில் படுமுன்னரே பாதத்தைச் சரியான கோணத்தில் வைத்து, தசையை அளவாக இறுக்கி வைத்திருப்பதே மெய்யான காவல். இயக்குநர் சொன்ன 'நேரம்' இதுதான்.

அந்த நேரத்தை என் கால் ஏன் இழந்தது? லண்டனில் ஃப்ரீமன் குழுவினர் 1965இல் ஒரு விடை கூறினர். கணுக்கால் பிசகும்போது மூட்டு நார்களோடு அவற்றில் உள்ள நரம்பு முனைகளும் சேதமடைகின்றன. மூட்டின் நிலையைப் பற்றிய செய்தி குறைகிறது. ஆதலால் கால் மீண்டும் மீண்டும் மடங்குகிறது என்றனர். தள்ளாடும் பலகையின்மேல் நின்று பழகச் செய்து அதற்குப் பரிகாரமும் கண்டனர். பின்வந்த ஆய்வுகள், பிசகலுக்குப் பின் மூட்டோடு தண்டுவடமும் மூளையும் கட்டளையிடும் முறையும் மாறுகின்றன என்று காட்டியுள்ளன. வலி மறைந்துவிடும், இந்தக் குறை தானே மறையாது. நான் ஏமாந்த இடம் இதுவே.

சமநிலைப் பயிற்சி நரம்பில் என்ன செய்கிறது? டென்மார்க்கில் 1993இல் ஓர் ஆய்வு நடந்தது. அரச பாலே நடனக் குழுவினரின் கெண்டைக்கால் மறிவினையையும் நன்கு பயின்ற விளையாட்டு வீரர்களின் மறிவினையையும் மின்தூண்டலால் அளந்தனர். நடனமணிகளின் மறிவினை சிறியதாக இருந்தது. முதலில் எனக்கு இது விளங்கவில்லை. மறிவினை வலுவாக இருப்பதுதானே நல்லது என்று நினைத்தேன். நுனிக்காலில் நிற்கும்போது ஒவ்வொரு சிறு அசைவுக்கும் தண்டுவடம் துள்ளித் துள்ளிப் பதில் சொன்னால் உடல் மேலும் ஆடும். தண்டுவடத்தின் அவசரத்தை அடக்கி, மூளை தன் கையில் பொறுப்பை எடுத்துக்கொள்வதே நல்ல நிற்றல். சில வாரச் சமநிலைப் பயிற்சிக்குப் பின் நம்மைப் போன்றவர்களிடமும் இத்தகைய அடக்கம் காணப்பட்டிருக்கிறது.

பலன் உண்டா என்றால், உண்டு. நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மீண்டும் பிசகியது. அதனுடன் எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சியும் செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குத்தான் பிசகியது. முழுக் காப்பு இல்லை. ஆயினும் பெரிய வேறுபாடு.

இயக்குநர் எனக்குக் கொடுத்த பயிற்சிக்குக் காலணா செலவில்லை. முதலில் கண் திறந்து ஒற்றைக் காலில் அரை நிமிடம். பிறகு கண் மூடி. பிறகு மடித்த சாக்கின்மேல் நின்றுகொண்டு பந்தைப் பிடித்து எறிதல். கடைசியில் ஒற்றைக் காலில் துள்ளி இறங்கி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிற்றல். முதல் நாள் கண் மூடியபோது வலது காலில் இருபது எண்ணும்வரை நின்றேன். இடது காலில் நான்கு எண்ணுவதற்குள் சாய்ந்தேன். பளு தூக்கும்போது இரு கால்களுக்கும் வேறுபாடே தெரிந்ததில்லை! டிசம்பர் முடிவில் இரண்டும் சமமாயின. இந்த ஆண்டு எல்லாப் போட்டிகளிலும் ஆடினேன், கால் மடங்கவில்லை. ஒருவனுடைய கால் ஆராய்ச்சி ஆகாது என்பதை அறிவேன். எனினும் அது என் கால்.

அப்பத்தாவின் பாடம்

இந்த விஷயம் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊர் போனபோது என் அப்பத்தாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. எழுபத்தெட்டு வயது. குளியலறை வாசற்படியில் தடுமாறி விழுந்திருக்கிறார். எனக்கு எழுதினால் படிப்புக் கெடும் என்று வீட்டில் சொல்லவில்லை. பயிற்சி செய்யலாமே என்றேன். "தினமும் கோயிலுக்கு நடந்துதானேய்யா போறேன், எனக்கு என்னத்துக்குய்யா இந்த வித்தை?" என்றார்.

முதுமையில் தசை வலுப்பெறாது என்பது தவறு. பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். 1990இல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அப்படியானால் விழாமலிருக்க வலிமை மட்டும் போதுமா? இதற்கு விடை 2019இல் வந்தது. 108 ஆய்வுகளில் கலந்துகொண்ட 23,000க்கும் மேற்பட்ட முதியோரின் செய்திகளைத் தொகுத்தனர். தொகுத்த குழுவின் தலைவர் பெயரும் ஷெரிங்டன்தான். அவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காத்தரின் ஷெரிங்டன். உடற்பயிற்சியால் விழுதல் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. சமநிலைப் பயிற்சியும் அன்றாட அசைவுப் பயிற்சியும் 24 பங்கு குறைத்தன. அவற்றோடு பளுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 பங்கு வரை போயிற்று. நடை மட்டும், பளு மட்டும் என்று செய்தவர்களுக்குப் பலன் உறுதிப்படவில்லை. அப்பத்தாவின் கோயில் நடை இதயத்துக்கு நல்லது. வாசற்படியில் தடுமாறும் கணத்துக்கு அது போதவில்லை.

சேர்ந்து செய்தால் சிறப்பு

மேலே கண்டவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நரம்பு மண்டலம் மிக நேர்மையான மாணவன். கற்பித்ததை மட்டுமே கற்கும். கற்பிக்காத பாடத்தில் தேர்வு வைத்தால் தோற்கும். நான் பளுவும் ஓட்டமும் படித்துவிட்டுச் சமநிலைத் தேர்வு எழுதப் போனவன்.

ஆதலால் கலந்து செய்வதே வழி. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள கால்பந்து வீராங்கனைகள் 1,892 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஓட்டம், வலிமை, துள்ளல், சமநிலை நான்கும் சேர்ந்த இருபது நிமிட முன்பயிற்சியைச் செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாயின. இருபது நிமிடம் நமக்கு இல்லையா, நண்பர்களே? புதிதாகப் பிசகி வீங்கிய காலோடு இவற்றைத் தொடங்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முதியவர்கள் பிடிமானம் இல்லாமல் தனியே தொடங்கவும் வேண்டாம்.

கட்டுப் பிரித்த பின் அப்பத்தா பயிற்சியைத் தொடங்கிவிட்டார். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நிற்கிறார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். சனிக்கிழமை ஊருக்குப் போனால் என்னை எதிரே நிறுத்தி, "எண்ணுய்யா" என்கிறார். போன வாரம் பதினெட்டு வரை எண்ணினேன். அவர் மேடையிலிருந்து விரலை எடுத்திருந்ததைப் பதினைந்தில்தான் கவனித்தேன்.

திடலோரத்து வேப்பமரத்தடியில் இன்னும் நாலைந்து பேர் நிற்க இடம் இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு வாருங்கள். பூனை என்று அழைத்தவர்களுக்கே முதலிடம்.